வெர்மான்ட் பேரி: கல்லை நம்பிய ஊரில் தெரிந்திருக்க வேண்டியவை

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் வெர்மான்ட் மாநிலத்தில் பேரி ஒரு சின்ன நகரம். 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 8,500 பேர். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'பார்' என்று படித்துவிடுவார்கள். ஊர்க்காரர்கள் சொல்வது 'பேரி'. தலைநகர் மான்ட்பீலியர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வழியில் போகிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அமெரிக்க உழைப்பாளிகளின் வரலாற்றை ஒரே ஊரில், காலால் நடந்தே பார்க்க நினைப்பவர்கள் பேரிக்குத்தான் வர வேண்டும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பேரி என்ற பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன என்பது. 1895-இல் பேரி சிட்டி தனி நகரமாகப் பிரிந்தது. அதைச் சுற்றி வளையம்போல் இருப்பது பேரி டவுன். வரி, நிர்வாகம், பனி அள்ளும் ஏற்பாடு எல்லாம் தனித்தனி. கல் எடுக்கும் குவாரிகள் டவுனின் மலைப்பக்கம், கிரானைட்வில், வெப்ஸ்டர்வில் பகுதிகளில் இருக்கின்றன. கல்லைச் செதுக்கும் பட்டறைகள் சிட்டியின் ஆற்றோரச் சமவெளியில் வளர்ந்தன. வீடு வாடகைக்கு எடுத்தாலும் வாங்கினாலும் முகவரியில் 'பேரி' என்று மட்டும் இருந்தால் எந்தப் பேரி என்று கேட்டுவிடுங்கள். வரி எவ்வளவு, வெள்ளம் வருமா, குளிர்கால இரவில் காரைத் தெருவில் நிறுத்தலாமா என்பதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் மாறும்.

கல் எடுக்கும் தொழில் இங்கே பிரிட்டனோடு நடந்த 1812 போர் முடிந்த சில ஆண்டுகளில் தொடங்கிவிட்டது. 1830களில் மான்ட்பீலியரில் சட்டமன்றக் கட்டடம் எழுந்தபோது கல் பேரியிலிருந்துதான் போனது. குதிரையும் எருதும் பூட்டிய வண்டிகளில் ஒரு நடை போய்வர ஏறத்தாழ 18 மணி நேரம் ஆனது. 1857 தீ விபத்தில் அந்தக் கட்டடம் எரிந்தது. முகப்புத் தூண்கள் மட்டும் தப்பி, இன்றைய கட்டடத்திலும் நிற்கின்றன. ஆனாலும் கல்லை வெளியூருக்கு அனுப்ப வழி இல்லாததால் ஊர் அப்படியே இருந்தது. 1875-இல் ரயில் ஊருக்குள் வந்தது. 1880களின் கடைசியில் குவாரி மலைக்கே தண்டவாளம் ஏறியது. அதன் பிறகு ஊரின் கதையே வேறு. 1880-இல் சுமார் 2,000 பேர் இருந்த இடத்தில், 1900-இல் சிட்டியில் மட்டும் 8,000-க்கு மேல்.

இந்தக் கல்லுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்பதைச் சொல்ல வேண்டும். பேரி சாம்பல் கிரானைட் பொடிமணிக் கல். மணி சிறிதாகவும் சீராகவும் இருப்பதால் உளி போன இடத்தில்தான் உடையும். விரல் நகம், பூவின் நரம்பு வரை செதுக்கலாம். இரும்புத் தாது மிகக் குறைவு என்பதால் மழையில் நனைந்து நனைந்து துருக்கறை வழிவதில்லை. பாறையும் பிளவு இல்லாமல் ஆழமாகப் போகிறது. ராக் ஆஃப் ஏஜஸ் நிறுவனத்தின் ஈ. எல். ஸ்மித் குவாரி ஏறத்தாழ 600 அடி ஆழம். விளிம்பிலிருந்து பார்த்தால் கீழே நிற்கும் இயந்திரங்கள் தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும்.

கிரானைட் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி பிளக்காது. ஒரு திசையில் இளகிக் கொடுக்கும், இன்னொன்றில் கொஞ்சம் முரண்டும், மூன்றாவதில் மிகவும் அடம்பிடிக்கும். பழைய குவாரிக்காரர் கல்லைத் தடவிப் பார்த்தே வாட்டத்தைச் சொல்லிவிடுவார். வாட்டம் தெரிந்த பின், அந்தக் கோட்டில் வரிசையாகத் துளை போடுவார்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு வளைந்த இரும்புத் தகடுகளை எதிரெதிராக வைத்து, நடுவில் ஆப்பு இறக்குவார்கள். பிறகு ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு அடி, மறுபடி முதலிலிருந்து. ஒரே ஆப்பை அடித்துக்கொண்டே போனால் கல் கோட்டை விட்டு விலகி மூலை பெயர்ந்துவிடும். அடிக்க அடிக்கச் சத்தம் கூர்மையாகிக்கொண்டே போகும். அது மாறியதும் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும், கல் தானே விரியும். இன்று பெரிய அறுப்பு வேலை வைரம் பதித்த கம்பி ரம்பத்தில் நடக்கிறது. ஆனாலும் ஆப்பும் தகடும் போய்விடவில்லை.

எடுத்த கல்லில் பெரும்பகுதி நினைவுச்சின்னத்துக்கு ஆகாது. வெடிப்பு, வெள்ளை நரம்பு, கரும்புள்ளி என்று ஏதாவது ஒரு குறை இருந்தால் ஒதுக்கிவிடுவார்கள். இந்தக் கழிவுக் கல்லை இங்கே 'கிரௌட்' என்பார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் கொண்டுவந்த சொல். ஊரைச் சுற்றி மலைமலையாகக் கிடப்பது அதுதான். மேலே மரம் முளைத்து இயற்கைக் குன்று போலத் தெரிந்தாலும் உள்ளே கற்கள் கட்டுப்படாமல் கிடக்கின்றன. மில்ஸ்டோன் மலையின் நடைபாதைகளில் போகும்போது பாதையை விட்டு அந்தக் குவியல்மேல் ஏறாதீர்கள். ஒரு டன் கல்கூடக் கால் வைத்தால் அசையும்.

கல்லைத் தேடி ஆட்கள் கடல் கடந்து வந்தார்கள். முதலில் அபர்தீன் பக்கத்து ஸ்காட்லாந்துக்காரர்கள். பிறகு கராராவிலிருந்தும் வட இத்தாலியின் பிற சிற்ப ஊர்களிலிருந்தும் இத்தாலியர்கள். கூடவே ஸ்வீடன், ஸ்பெயின், லெபனான், பிரெஞ்சுக் கனடா. இத்தாலியர்கள் சும்மா கூலிக்கு வந்தவர்கள் அல்லர். வரைபடம் படித்தவர்கள், பத்திரிகை வாசித்தவர்கள், சோஷலிசமும், அரசே வேண்டாம் என்ற அராஜகவாதமும் பேசியவர்கள். அராஜகவாதி லூயிஜி கல்லேயானி 1903-இல் இந்த ஊரிலிருந்துதான் 'க்ரோனாகா சொவ்வெர்ஸீவா' என்ற அராஜகவாத இதழைத் தொடங்கினார். கார்லோ அபாத்தே கல்தொழிலாளருக்கு மாலைநேர ஓவியப் பள்ளி நடத்தினார்.

கிரானைட் தெருவில் 1900-இல் தொழிலாளர்கள் தங்கள் கையாலேயே கட்டிய சோஷலிஸ்ட் லேபர் பார்ட்டி ஹால் இன்றும் இருக்கிறது. முகப்பில் சுத்தியல் பிடித்த கை செதுக்கியிருக்கும். கூட்டம், நடனம், கூட்டுறவுக் கடை எல்லாம் அங்கே நடந்தன. 1903-இல் அதே மண்டபத்தில் சோஷலிஸ்டுகளுக்கும் அராஜகவாதிகளுக்கும் மூண்ட சண்டையில் சிற்பி எலியா கோர்த்தி சுடப்பட்டு இறந்தார். 1912-இல் மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நகரில் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது, அங்கிருந்து 35 குழந்தைகளை இங்கே அழைத்துவந்து, வேலைநிறுத்தம் முடியும் வரை பேரிக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டன. மண்டபத்துக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது; தெரியாமல் பார்த்தால் அது ஒரு சாதாரணச் செங்கல் கட்டடம்.

இனி தூசி. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளுக்கும் இது பொருந்தும்.

கையால் உளி அடித்த காலத்தில் சிதறியது பெரும்பாலும் சில்லு. தரையில் விழுந்துவிடும். பட்டறைகளும் ஒரு பக்கம் திறந்த கொட்டகைகள். 1890களின் கடைசியில் காற்றழுத்தச் சுத்தியல் வந்தது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் அடி விழுந்ததில் கல் மாவாகப் பறந்தது. குளிர்காலத்திலும் வேலை நிற்கக்கூடாது என்று பட்டறைகளை நாலு பக்கமும் அடைத்தார்கள். இரண்டும் ஒன்றுசேர்ந்தபோதுதான் பேரழிவு வந்தது. இந்தக் கல்லில் ஏறத்தாழ கால் பங்கு குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா. கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும். 5 மைக்ரானுக்குக் கீழே உள்ளது நுரையீரலின் கடைசி அறை வரை போய்த் தங்கும். அங்கே தழும்பு கட்டும். தழும்பு வளர வளர மூச்சுக்கு இடம் குறையும். அந்த நுரையீரலில் காசநோய் சுலபமாகப் பற்றிக்கொள்ளும். பத்து இருபது ஆண்டுகள் பட்டறையில் நின்றவர்கள் நாற்பதுகளிலேயே இறந்தார்கள். ஊரில் காசநோய் மருத்துவமனையே கட்ட வேண்டியதாயிற்று. விதவைகள் வீட்டுச் சமையலறையில் சாப்பாடும், சட்டத்துக்கு மறைவாக ஒயினும் கிராப்பா என்ற திராட்சைச் சாராயமும் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

தூசியை உறிஞ்சும் குழாய் வேண்டும் என்று தொழிற்சங்கம் பல ஆண்டுகள் கேட்டது. 1922-இல் பெரிய வேலைநிறுத்தம். அதை முறிக்கப் பிரெஞ்சுக் கனடியர்களைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கசப்பு குடும்பங்களில் நீண்ட நாள் இருந்தது. 1933-இல் மறுபடி வேலைநிறுத்தம், தேசியக் காவல்படை வந்து இறங்கியது. 1930களின் பிற்பகுதியில்தான் ஒவ்வொரு உளிக்கும் உறிஞ்சு குழாய் என்பது பட்டறைகளில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களிடம், நுரையீரலில் தழும்பு கட்டும் இந்தத் தூசி நோயான சிலிக்கோசிஸ் மிக அரிதாகிவிட்டது. கல் அதே கல், சுத்தியல் அதே சுத்தியல்.

பேரிப் பட்டறை எதைச் செய்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சு குழாயின் வாய் உளி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கும். உளி நகர நகரக் குழாயும் நகரும். அறையின் மூலையில் பெரிய விசிறி வைத்தால் தூசி எல்லார் முகத்தையும் கடந்துதான் வெளியே போகும், அதனால் பயனில்லை. அறுப்பதும் துளைப்பதும் தண்ணீர் ஊற்றியே நடக்கும். அந்தச் சேறு காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். காய்ந்தால் மறுபடி தூசிதான். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக்கூடாது. உடம்பில் படிந்ததைக் காற்றுக் குழாயால் ஊதித் தட்டக்கூடாது. வேலை உடுப்பை வீட்டுக்கு எடுத்துப்போகக்கூடாது. முகத்தில் துண்டு கட்டுவது பெரிய தூசியை மட்டும் நிறுத்தும், கொல்லும் தூசியை நிறுத்தாது. முகமூடி கடைசிக் காவல். அதுவும் தாடி இல்லாமல் முகத்தோடு ஒட்டினால்தான். 2016-இல் வெளியான அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி 8 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்காவுக்கு மேல் அனுமதிப்பதில்லை. கண்ணுக்குத் தூசியே தெரியாத அறையிலும் அந்த அளவு தாண்டியிருக்கலாம். அதனால் அளந்துதான் பார்க்க வேண்டும்.

மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளில் இன்று உளியோடு கை கிரைண்டரும் ஓடுகிறது. பல இடங்களில் தண்ணீர் இல்லாமல்தான். பேரியில் காற்றுச் சுத்தியல் செய்ததைக் கிரைண்டர் இன்னும் வேகமாகச் செய்யும். கிரைண்டருக்கு உறை போட்டு, அதில் உறிஞ்சு குழாய் மாட்டும் வசதி கடைகளில் கிடைக்கிறது. சிலை செய்யும் கை பத்து நாள் கூலியைச் செலவழித்தாவது அதை வாங்கிவிட வேண்டும்.

ஹோப் கல்லறைத் தோட்டத்துக்கு இதைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். 1895-இல் தொடங்கியது, இன்று சுமார் 65 ஏக்கர், பத்தாயிரத்துக்கு மேல் நினைவுச்சின்னங்கள், எல்லாம் பேரி சாம்பல் கல். ஊர்ச் சிற்பிகள் பலர் தங்கள் கல்லறையைத் தாங்களே செதுக்கினார்கள், அல்லது உடன்பிறந்தவர் செதுக்கினார். எலியா கோர்த்தி ஒரே கல்லில் உட்கார்ந்திருக்கிறார், காலடியில் அவருடைய கருவிகள். கோட்டுப் பொத்தான் வரை பாருங்கள். சிலிக்கோசிஸில் 1937-இல் இறந்த லூயி புரூசாவின் சின்னத்தில், சாய்ந்து விழும் கணவனை மனைவி தாங்கியிருக்கிறாள். கால்பந்து, பந்தயக் கார், சாய்வு நாற்காலி, படுக்கையில் கைகோத்திருக்கும் தம்பதி என்று பலவும் உண்டு. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் அவற்றைத்தான் தேடுகிறார்கள். நீங்கள் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கழித்துப் பார்த்துக்கொண்டே நடங்கள். 1910 முதல் 1940 வரை இறந்த ஆண்களின் வயதில் நாற்பதும் ஐம்பதும் மறுபடி மறுபடி வரும்.

நண்பகலில் போனால் சாம்பல் கல்லில் நிழல் விழாது, செதுக்கு வேலை தட்டையாகத் தெரியும். காலை அல்லது மாலையின் சாய்ந்த வெயிலில் போங்கள். இலையுதிர்காலம் மிகச் சிறந்தது. காகிதம் வைத்துக் கரி தேய்த்துப் படி எடுப்பதைத் தவிருங்கள்.

நினைவுக்கல் செய்யக் கொடுப்பவர்களுக்குச் சில கணக்குகள். கிரானைட் ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 2,650 கிலோ. 3 அடி அகலம், 2 அடி உயரம், 8 அங்குலக் கனமுள்ள சிறிய கல்லே 300 கிலோ வரும். வெர்மான்ட்டில் குளிர்காலத்தில் மண் 4, 5 அடி ஆழம் வரை உறையும். அடித்தளம் அதற்கு மேலேயே நின்றுவிட்டால் உறைந்த மண் உப்பிக் கல்லைத் தூக்கும். சில ஆண்டுகளில் சாய்ந்துவிடும். சாய்ந்த கல்லில் தப்பு கல்லின் மேல் இல்லை, குழியின் மேல்தான். எழுத்தைப் பொறிக்க ரப்பர் தாளை ஒட்டி, எழுத்து வடிவை வெட்டி எடுத்து, மணல் போன்ற அரிபொடியை அழுத்தக் காற்றில் வீசுவார்கள். மெருகிட்ட கல்லில் எழுத்து வெளுத்துத் தெளிவாகத் தெரியும். மெருகிடாத கல்லில் ஆழமாகப் பொறித்தால்தான் தெரியும். சுத்தம் செய்யத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். கம்பித் தூரிகை, பிளீச், அதிக அழுத்தத் தண்ணீர் மூன்றும் கூடாது.

இன்று அமெரிக்கக் கல்லறைகளில் நிற்கும் கறுப்புக் கல்லில் நிறையப் பங்கு இந்தியாவிலிருந்து போகிறது, தமிழ்நாட்டுக் கறுப்புக் கல்லும் அதில் உண்டு. ஹோப் தோட்டத்தில் மட்டும் சாம்பல் நிறம்தான்.

வியாழக்கிழமை மாலை ஊரில் இருந்தால் குவாரி மலைமேல் தண்டர் ரோடு பந்தயத் தடத்துக்குப் போங்கள். கென் ஸ்குவையர் 1960-இல் தொடங்கிய கால் மைல் தடம். வாரக் கடைசியில் நடத்தாமல் வியாழனன்று நடத்தியதற்குக் காரணம், பட்டறைகளில் சம்பள நாள் வியாழன். கிரானைட் அருங்காட்சியகம் 1895-இல் கட்டிய பழைய பட்டறைக் கொட்டகையில்தான் இருக்கிறது. குவாரிச் சுற்றுலா குளிர்காலத்தில் கிடையாது.

கடைசியாகத் தண்ணீர். பட்டறைகளுக்கும் ரயிலுக்கும் சமவெளி வேண்டும் என்று ஊரை ஸ்டீவன்ஸ் பிராஞ்ச் ஆற்றின் மடியிலேயே கட்டிவிட்டார்கள். கன்னர்ஸ் ஓடையும் ஜெயில் பிராஞ்சும் செங்குத்தான மலையிலிருந்து வந்து அதில் சேர்கின்றன. மழை பெய்த சில மணி நேரத்தில் வெள்ளம் வந்துவிடும். 1927 நவம்பர் 3-ஆம் தேதி வெள்ளத்தில் மாநிலத் துணை ஆளுநர் ஹாலிஸ்டர் ஜாக்சன் பேரியில் தன் வீட்டருகே ஓடையில் அடித்துச் செல்லப்பட்டார். மாநிலம் முழுவதும் 84 பேர் இறந்தார்கள். அதன் பிறகு 1930களில் கிழக்கு பேரி அணை கட்டினார்கள். அது ஜெயில் பிராஞ்சை அடக்கும். மற்ற ஓடைகளை அடக்காது. 2023 ஜூலை 10, 11 தேதிகளில் நார்த் மெயின் தெருவே சேறானது. சரியாக ஓராண்டு கழித்து, 2024 ஜூலையில், மறுபடியும்.

அந்தச் சேற்றில் ஊர் கற்றது இது. நிலவறையில் தண்ணீர் நிற்கும்போது உடனே முழுவதும் இறைத்துவிடாதீர்கள். வெளியே மண் ஊறியிருக்கும். உள்ளே காலியானால் வெளி அழுத்தத்தில் சுவர் உள்ளே சரியும். வெளித் தண்ணீர் வடிந்த பின் ஒரு அடி இறையுங்கள், சுவரில் கோடு போடுங்கள், ஓர் இரவு விடுங்கள். மறுநாள் தண்ணீர் கோட்டைத் தாண்டியிருந்தால் இன்னும் நேரம் வரவில்லை. ஒரு நாள் பொறுத்து மறுபடி ஒரு அடி. மின்சாரத்தை நிறுத்தாமல் நிலவறையில் கால் வைக்கக்கூடாது. மின்பெட்டி தண்ணீருக்குள் இருந்தால் அதைத் தொடவே கூடாது, மின்வாரிய ஆள்தான் வர வேண்டும்.

எதையும் வெளியே எறியுமுன் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர்க் கோடு, பொருளின் மாடல் எண் இரண்டும் படத்தில் தெரிய வேண்டும். பூஞ்சணம் 24 முதல் 48 மணி நேரத்தில் தொடங்கிவிடும். ஜிப்சம் சுவரைத் தண்ணீர்க் கோட்டுக்கு ஒரு அடி மேலே வரை வெட்டுங்கள். தண்ணீர் 3 அடிக்குள் நின்றிருந்தால் 4 அடியில் வெட்டுவது நல்லது. தகடு 4 அடி அகலத்தில் வருவதால் பிறகு முழுத் தகடாகப் பொருத்திவிடலாம். குளிரைத் தடுக்கச் சுவருக்குள் அடைத்திருக்கும் பஞ்சு நனைந்திருந்தால் முழுவதும் எடுத்துவிடுங்கள். முதலில் சோப்புத் தண்ணீரால் சேற்றைக் கழுவ வேண்டும். சேற்றின் மேல் பிளீச் வேலை செய்யாது. கழுவிய பின் ஒரு கேலன் தண்ணீருக்கு ஒரு கப் பிளீச், அதற்கு மேல் வேண்டாம். அம்மோனியா உள்ள எதோடும் சேர்க்கக்கூடாது. மரச்சட்டத்தின் ஈரப்பதம் மீட்டரில் 15 சதவீதத்துக்குக் கீழே வரும் வரை சுவரை மூடாதீர்கள். அவசரப்பட்டு மூடினால், பூஞ்சணத்துக்காக மறுபடி உடைக்க வேண்டிவரும்.

இங்கே இன்னொரு ஆபத்து எண்ணெய்த் தொட்டி. பழைய வீடுகளின் நிலவறையில் 275 கேலன் சூடேற்றும் எண்ணெய்த் தொட்டி நிற்கும். ஜூலையில் அது பாதிக்கு மேல் காலி. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. காலித் தொட்டி மிதந்து, குழாயைப் பிய்த்துக்கொண்டு போகும். எண்ணெய் கலந்த வெள்ளம் பட்ட மரத்தின் நாற்றம் போகாது. தொட்டியைத் தரையோடு இரும்புப் பட்டையால் கட்டி வையுங்கள். காற்றுக் குழாயின் வாய் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.

வெள்ளக் காப்பீடு வீட்டுக் காப்பீட்டில் அடங்காது. அரசின் திட்டத்தில் வீட்டுக்கு 2,50,000 டாலர், பொருளுக்குத் தனியாக 1,00,000 டாலர் வரை. வாங்கிய பின் 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். மழை அறிவிப்பு வந்த பின் வாங்கிப் பயனில்லை. நிலவறையில் வைத்த மேசை நாற்காலிக்குப் பணம் கிடையாது. சூடேற்றும் இயந்திரம், மின்பெட்டி போன்றவற்றுக்கு உண்டு.

பேரியில் வீடு பார்ப்பவர்கள் வெள்ள வரைபடத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, 2023-இல் தண்ணீர் எந்தப் படிக்கட்டு வரை வந்தது, 2024-இல் எந்தப் படிக்கட்டு என்று கேளுங்கள். தெருவின் இரண்டு பக்கமும் பாருங்கள். நடுநடுவே வீடு இல்லாமல் புல் மட்டும் இருக்கும் மனைகள் தென்பட்டால், அரசு வாங்கி இடித்த வீடா என்று விசாரியுங்கள். அப்படி வாங்கிய மனையில் இனி யாரும் கட்ட முடியாது. அது ஆற்றுக்கு விட்ட இடம்.